விழ வேண்டிய செவுரு

வெத்தலைய அப்புறம் மெல்லலாம், மொதல்ல காதைக் குடுங்க. பாதியில எந்திரிச்சுப் போறவங்க இப்பவே போயிருங்க. இது பாதியில விடுற கதை இல்ல.

அந்தக் காலத்துல, கொள்ளிடத்துக்கு இன்னைக்கு இருக்கிற ஒசரக் கரை கெடையாதாம். மாட்டு முதுகு ஒசரத்துக்கு ஒரு மண்ணு வரப்பு, அவ்வளவுதான். அந்த வரப்புக்கு உள்பக்கம், ஆத்தோட மடியிலயே, நாணல்படுகைன்னு ஒரு ஊரு. அந்த ஊருல மேலத்தெரு ஒண்ணு, கீழக்கோடி ஒண்ணு. மேலத்தெரு பூராம் மண்ணு செவுரு வச்ச வீடு. கீழக்கோடியில கோரை அறுக்கிறவங்க குடிசை. நாலு பனங்காலு, மேல கூரை, சுத்திக் கோரைத் தட்டி. 'செவுரு இல்லாத சனம்'னுதான் மேலத்தெருக்காரங்க அவங்களக் கூப்புடுவாங்களாம். ஒருத்தர எளப்பமாப் பேசுறதுன்னா மனுசனுக்கு வெல்லம் தின்ன மாதிரிதானே. அன்னைக்கும் அப்படித்தான், இன்னைக்கும் அப்படித்தான்.

மேலத்தெரு செவுரு அத்தனையும் ஒரே ஆளு வச்சது. கொளஞ்சியப்பன்னு பேரு. அவரு செவுரு வைக்கிற அழகே தனின்னு சொல்லுவாங்க. மண்ணை வெட்டிப் போட்டு, வைக்கோலத் தூவி, மூணு நாளு மிதிப்பாராம். ஒரு நாளைக்கு ஒரு படைதான், ஒரு அடுக்குதான் வைப்பாராம். கீழ்ப்படை காயாம மேப்படை கெடையாது. ஆத்தப் பாத்த பக்கம் மட்டும் ரெண்டு மொழம் கனம். வாசலு தெருப் பக்கம், வீட்டு முதுகு ஆத்துப் பக்கம். முதுகுல ஒரு சன்னல்கூடக் கெடையாது.

கடைசிப் படை வச்சு முடிச்சதும், ஈர மண்ணுல வலது உள்ளங்கைய அழுத்தி எடுப்பாராம். அதுதான் அவரு கையெழுத்து. சின்ன வயசுல ஒடிஞ்ச சுண்டுவெரலு, கொக்கி மாதிரி வளஞ்சிருக்கும். அது அப்படியே செவுத்துல பதியும். பதிச்சுட்டு ஒரு வார்த்தை சொல்லுவாராம். "கொளஞ்சியப்பன் வச்ச செவுரு. ஆனை முட்டினாலும் நிக்கும், ஆறு முட்டினாலும் நிக்கும்."

இந்த வார்த்தைய மனசுல வச்சுக்கங்க. இந்த வார்த்தைதான் குடியக் கெடுத்துச்சு.

அவருக்கு ஒரே பொண்ணு, பூங்காவனம். தாயில்லாத பொண்ணு. அப்பன் மண்ணு மிதிக்கிற எடத்துலயே விளையாடி வளந்த பொண்ணு. அதே தெருவுல சிங்காரத்துக்குக் கட்டிக் குடுத்தாரு. நகை போட வக்கில்ல. அதுக்குப் பதிலா வீடு கட்டிக் குடுத்தாரு, ஆத்துப் பக்கம் மூணு மொழம் கனத்துல செவுரு வச்சு. ஊரே வந்து தட்டிப் பாத்துட்டுப் போச்சாம். "எங்கப்பா எனக்குப் போட்ட ஒட்டியாணம்"னு அந்தப் பொண்ணு செவுத்தத் தடவிச் சொல்லுமாம். ஒரு வருசத்துல பெண் கொழந்தை பொறந்துச்சு. தையல்நாயகின்னு பேரு வச்சாங்க. செல்லமா தையலு.

ஐப்பசி மாசம். கொளஞ்சியப்பன் அக்கரையில ஒரு ஊருல மண்ணு மிதிக்கப் போயிருந்தாரு. மேக்கால எங்கியோ பேஞ்ச மழைக்கு, இங்க மத்தியானச் சோத்து நேரத்துல ஆறு எந்திரிச்சு வந்துச்சாம். எந்திரிச்சு வந்துச்சுன்னுதான் சொல்லுவாங்க. ஊருல மேகமே இல்ல, நல்ல வெயிலு. வெயில்ல வெள்ளம் வந்தா யாருக்கு நம்பத் தோணும்?

கீழக்கோடி சனம் புள்ளை குட்டியத் தூக்கிட்டு வரப்பப் பாத்து ஓடிச்சு. அதுல மாரிக்கண்ணுன்னு ஒருத்தி, ஊருக்கே பிரசவம் பாக்குறவ, ஓடுற ஓட்டத்துல நின்னு சத்தம் போட்டாளாம்.

"பூங்காவனம்! புள்ளையத் தூக்கிட்டு வாடி! வரப்புல ஏறிருவோம்!"

உள்ள இருந்து சிரிச்சுக்கிட்டே பதிலு வந்துச்சாம். "நீங்க ஓடுங்கத்த. ஒங்களுக்குச் செவுரு இல்ல, ஓடுறீங்க. இது எங்கப்பா வச்ச செவுரு. ஆனை முட்டினாலும் நிக்கும், ஆறு முட்டினாலும் நிக்கும்."

சொல்லிட்டு, தையலைத் தூளியில போட்டுட்டு, அந்தச் செவுத்துல முதுகைச் சாச்சு உக்காந்துச்சாம். சிங்காரம் மாட்ட அவுத்துவிடக் கொல்லைக்குப் போயிருந்தான்.

மறுநாள் காலையில கொளஞ்சியப்பன் பரிசல்ல வந்து எறங்குனாரு. எறங்குனவரு அப்படியே நின்னுட்டாராம். கீழக்கோடியில தட்டியெல்லாம் பிச்சுக்கிட்டுப் போயி, பனங்காலும் கூரையும் மட்டும் நிக்குது. சனம் பூராம் வரப்புல உக்காந்து கஞ்சி காச்சுது. ஒரு உசுரு கொறையல. மேலத்தெருவப் பாக்குறாரு. தெருவே இல்ல. மண்ணு மேடு, மண்ணு மேடு, மண்ணு மேடு. ஒரு வீட்டுக்கு ரெண்டு பொணம், மூணு பொணம்னு சனம் தோண்டி எடுத்துக்கிட்டு இருக்கு.

மக வீட்டுக்கு ஓடுனாரு. கூரை பாதி சரிஞ்சு கெடக்கு. தூளி கட்டுறதுக்குன்னு சிங்காரம் நட்ட ஒத்தைப் பனங்காலு மட்டும் நிக்குது. அந்தக் காலு தாங்குன பக்கம் கூரையும் நிக்குது. அங்க தூளி ஆடுது. தூளிக்குள்ள தையலு வெரலச் சூப்பிக்கிட்டு முழிச்சுப் பாக்குது! அதைத் தூக்கி மாருல வச்சுக்கிட்டு, "பூங்காவனம் எங்க? எம்பொண்ணு எங்க?"ன்னாரு.  ராத்திரி பூராம் வரப்புல மாட்டிக்கிட்டு, தண்ணி வடிஞ்சு அப்பத்தான் வந்து சேந்த மருமகன் சிங்காரம், செவுரு விழுந்து கெடந்த மண்ணு மேட்டைக் கையால காட்டினான்.

கொழந்தைய மாரிக்கண்ணுகிட்டக் குடுத்துட்டு, வெறுங்கையால மண்ணு கட்டியப் பேத்தாரு. பேத்துக்கிட்டே, "எந்திரிம்மா பூங்காவனம், அப்பா வந்திருக்கேன். எந்திரிம்மா பூங்காவனம்"னு தூங்குற புள்ளைய எழுப்புற மாதிரி கூப்புட்டாராம். பொண்ணு முகம் தெரிஞ்சுது. ஒரு கீறலு இல்ல.

மாரிக்கண்ணு பக்கத்துல குந்துனா. வயித்தத் தொட்டுப் பாத்தா, வாயத் தெறந்து பாத்தா. பாத்துட்டு மெதுவாச் சொன்னாளாம். "அண்ணே, தண்ணியில போனவளா இருந்தா வயிறு உப்பியிருக்கும். இவ ஒரு மடக்குத் தண்ணி குடிக்கல. அந்தா எடுத்து வச்சிருக்காங்களே, அதுல பாதிப் பேரு தண்ணி குடிக்கல."

"அப்ப எப்படிச் செத்தாங்க?"

மாரிக்கண்ணு, பொண்ணு மாரு மேல கெடந்த கட்டியப் பாத்தா. அது மேப்படை. தண்ணி அடியக் கரைச்சுக் கவுத்திருக்கு, மேப்படை கரையாம கல்லாட்டம் கெடக்கு. கொளஞ்சியப்பன் அதைத் தூக்கித் திருப்பினாரு. திருப்பின எடத்துல ஒரு உள்ளங்கை. சுண்டுவெரலு கொக்கி மாதிரி வளஞ்ச உள்ளங்கை.

அவரு அழலையாம். தன் கையை அந்தக் கை மேல வச்சுப் பாத்தாராம். பொருந்துச்சாம். வச்ச கைய எடுக்காமப் பொழுது சாயுற வரைக்கும் அப்படியே உக்காந்திருந்தாராம்.  

காரியம் எல்லாம் முடிஞ்சு ஊரு கூடுச்சு. கூடி என்ன கேட்டுச்சு தெரியுமா? "கொளஞ்சியண்ணே, இந்தத் தடவை இன்னும் ஒரு மொழம் கனமா வச்சுக் குடுங்க"ன்னு கேட்டுச்சாம்! அவருக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு.

"அட பாவிகளா! ஆறு கொல்லல, நான் வச்ச செவுருதான் கொன்னுச்சு. தண்ணி போறதுக்கு வழி கேக்குது. நாம முதுகைக் காட்டிக்கிட்டு நின்னோம். கீழக்கோடியப் பாருங்க. தட்டிய எடுத்துக்கன்னு விட்டாங்க, உசுர விட்டுட்டுப் போச்சு. மண்ணை மேடாக்கி, பனங்காலு நட்டு, கூரைய அது மேல ஏத்துவோம். கூரைக்கு அடியில பரணு. ஆத்துப் பக்கம் அவங்க தட்டி மாதிரி வெறும் படலு. மேல மண்ணு பூசிட்டா செவுரு மாதிரிதான் இருக்கும். வெள்ளம் வந்தா தள்ளி விட்டுட்டுப் பரணுல ஏறிக்குவோம்."

ஊரு சிரிச்சுச்சாம். இழவு வீட்டு ஈரம் காயல, அப்பவும் சிரிச்சுச்சாம். ஒரு பெரிய மனுசன், "செவுரு இருந்தாத்தானய்யா சித்திரம் எழுதலாம்"னான்.

"எஞ்சித்திரமே போயிருச்சு. செவுத்த வச்சு நான் என்னத்தை எழுத?"ன்னாரு கொளஞ்சியப்பன்.

அவங்கவங்க வேற ஆளை வச்சு நாலு மொழத்துல செவுரு எழுப்பிக்கிட்டாங்க. சிங்காரமும்தான். மாமனாரு போயி காலுல விழாத கொறையாக் கெஞ்சுனாரு. "மாப்ள, பேத்தி ஒண்ணுதான் மிச்சம். அது முதுகுக்குப் பின்னால செவுரு வேணாம் மாப்ள."

"பொண்டாட்டியப் பறிகுடுத்தவன் நான். எம்புள்ளைய கோரைக்காரன் மாதிரி படலுக்குள்ள வளக்கச் சொல்றீங்களா மாமா? நாளைக்கு எவன் பொண்ணு கேட்டு வருவான்?"

"சரி, செவுத்த நீ வை. தூளி கட்ட நாலு காலு மட்டும் நான் நட்டுத் தாரேன். கூரை அது மேல நிக்கட்டும். மேல ஒரு பரணு போட்டுக்க, வெதநெல்லு வைக்க."

தூளிக்குத்தானேன்னு சிங்காரம் விட்டுட்டான். ரெண்டு ஆளு ஆழத்துக்குத் தோண்டி நட்டாருன்னு சொல்லுவாங்க. அது கொஞ்சம் கூடத்தான். எங்க சனம் ஆழத்தைச் சொல்லும்போது அளந்து சொல்லாது.

அடுத்த ஐப்பசி. அதே மாதிரி வெயிலு. அதே மாதிரி பட்டப்பகல்ல ஆறு எந்திரிச்சு வருது. சிங்காரம் என்ன பண்ணினான்? தையலைத் தூளியில போட்டுட்டு மாட்ட அவுக்கப் போயிட்டான்! மனுசன் எங்க திருந்துறான்?

கணுக்கால் தண்ணியில கடப்பாரையத் தூக்கிட்டு ஓடி வந்தாரு கொளஞ்சியப்பன். கொழந்தைய பரணுல ஏத்தினாரு. வெளிய போயி அந்தச் செவுத்தோட அடியக் குத்தினாரு. குத்து, குத்து, குத்து. தெருவே வாயப் பொளந்துச்சு. "ஐயையோ, கெழவனுக்குப் பித்துப் புடிச்சுப்போச்சு! வெள்ளம் வர நேரத்துல செவுத்த இடிக்கிறான்!" அடி முழுக்கப் பேத்துட்டு உள்ள வந்து, ரெண்டு உள்ளங்கையையும் செவுத்துல வச்சு வெளிப்பக்கமாத் தள்ளுறாரு. அசையல.

சிங்காரம் மாட்டுக் கம்போட பாஞ்சு வந்தான். "யோவ் மாமா! எம்புள்ளையக் கொல்லப் பாக்குறியா?" கம்ப ஓங்கிட்டான்.

அப்பத்தான் தெருக்கோடியில 'தொப்'புன்னு ஒரு சத்தம். மொத செவுரு விழுந்துருச்சு. ஓங்குன கம்பு ஓங்குன மாதிரியே நின்னுச்சாம். அந்தச் சத்தத்தை அவன் போன வருசம் கேட்டவன். கம்பு கையிலேருந்து நழுவுச்சு. மாமனாரு கை பக்கத்துல தன் கைய வச்சான். ரெண்டு பேரும் சேந்து தள்ளினாங்க. செவுரு வெளியில சாஞ்சுது. அது சாயும்போது கொளஞ்சியப்பன் அடிவயித்துலேருந்து கத்தினாராம்.

"எந்திரிம்மா பூங்காவனம்!"

ஊரு ஒடம்பு சிலுத்துப்போச்சாம். அதுக்கப்புறம் யாரும் கெழவன்னு பேசல. வீட்ட விட்டுட்டு ஓடி வந்தாங்க. பாதிப் பேரு அந்தப் பரணுல, பாதிப் பேரு கீழக்கோடிக் கூரையில. எளப்பமாப் பேசுன வாயெல்லாம் கோரைக்காரங்க கையப் புடிச்சு மேல ஏறுச்சு. ஆறு ஒரு பக்கம் நொழஞ்சு மறுபக்கம் போச்சு. காலு நின்னுச்சு, கூரை நின்னுச்சு. உக்காந்த எடத்துலேருந்து அவங்கவங்க செவுரு விழுறத அவங்கவங்க கண்ணால பாத்தாங்க. நாலு மொழச் செவுரு. தொப்பு. தொப்பு. தொப்பு. ஒவ்வொருத்தரும், அதுக்கு அடியில தான் கெடக்கிற மாதிரியே பாத்தாங்களாம். அன்னைக்கு ஒரு பொணம் விழல.

வெள்ளம் வடிஞ்சு ஊரு அவரு காலுல விழுந்துச்சு. "எல்லாருக்கும் கட்டித் தாரேன்"னாரு. "ஆனா ஒண்ணு. குடி போற அன்னைக்கு வீட்டுக்காரி வந்து எங்கண்ணு முன்னால ஆத்துப் பக்கச் செவுத்த உள்ளங்கையால தள்ளணும். விழுந்தாத்தான் வெளக்கு ஏத்தணும். விழலன்னா நான் தப்பாக் கட்டியிருக்கேன்னு அர்த்தம், திரும்பக் கட்டுவேன்." மொத வீடு பேத்திக்கு. தையலு கையப் புடிச்சு, அந்தப் பிஞ்சு உள்ளங்கைய ஈர மண்ணுல பதிச்சு, அவரே சேந்து தள்ளினாராம். அன்னையிலேருந்து சாகுற வரைக்கும் அவரு தன் கைய எந்தச் செவுத்துலயும் பதிக்கல.

அந்தத் தூளியில கெடந்தவ வயித்துக் கொடிதான் நாம எல்லாரும். இன்னைக்குச் சிமிட்டித் தூணு வந்துருச்சு, தகரம் வந்துருச்சு. ஆனாலும் நாணல்படுகையில ஆத்துப் பக்கம் படல்தான். வெளியூருக்காரங்க கிரகப்பிரவேசத்துக்கு வந்துட்டு, புது வீட்டுச் செவுத்தப் பொம்பளை தள்ளி விடுறதப் பாத்து நெஞ்சுல கைய வச்சுக்கிறாங்க. செவுரு விழுந்ததும் ஊரே ஒரே கொரலா யாரக் கூப்புடுதுன்னு கேக்குறாங்க.

நாளைக்கு நம்ம புது வீட்டுக்குக் குடி போறோம், நம்ம செவுத்தத் தள்ளப் போறோம். பெரியவங்க, சின்னவங்க, யாரும் வாய மூடிக்கிட்டு நிக்கக் கூடாது. அது மண்ணுல சாயும்போது, அடியில கெடக்கிறவளுக்குக் கேக்குற மாதிரி கூப்புடணும்.

எந்திரிம்மா பூங்காவனம்.