அணைக்காத நெருப்பு

காலை ஆறு பத்து. குற்றாலம் பேரருவி வரிசையில், சாரலில் நனைந்தபடி இரண்டு முதியவர்கள் நின்றார்கள். செங்கோட்டையில் கரி இஞ்சினுக்கு நெருப்புப் போட்டவர்கள் என்பது பேச்சில் தெரிந்தது.

"ஸ்ட்ரைக் அன்னைக்கு நெருப்ப அணைச்சிரணும்னு சங்கத்துல சொன்னாங்கள்லா? அணைக்காம விட்டது நாந்தாம் வே. வேல போயிரும்னு பயந்துட்டேன்," என்றார் குட்டையானவர்.

நெட்டையானவர் அருவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலையில அந்த நெருப்ப வச்சே வண்டிய ஓட்டிட்டாங்க. சங்கத்துல உம்மைய சந்தேகப்பட்டுப் பேர வெட்டுனாங்க. நான் வாயத் தொறக்கல," என்றார் குட்டையானவர்.

"தெரியும் வே. விடியுமுன்ன வந்து பாத்தேன். கங்கு கெடந்துது."

"பொறவு நீரு ஏன் அணைக்கல?"

"ஒரே குளிரு. நீரு பக்கத்துல உறங்கிட்டுக் கெடந்தீரு."

வரிசை நகர்ந்தது. இருவருக்கும் சேர்த்து ஒரே துண்டுதான் இருந்தது.