வாலுவின் பேனர்

ராத்திரி மணி இரண்டு இருக்கும். புறவழிச்சாலை. லாரிகூட இல்லை... அந்த நேரத்தில் ஒருவன் விளம்பரக் கம்பத்தில் ஏறிக்கொண்டிருக்கிறான், வாயில் கத்தியைக் கடித்தபடி. திருடன் இல்லை. என் நண்பனின் பெரியப்பா மகன்தான். ஏசி மெக்கானிக். உயரம் அவனுக்குப் பழக்கம்.

மேலே பேனரில், விளக்கு வெளிச்சத்தில், அவன் அக்கா மகள். ஏழு வயது. வீட்டில் எல்லோருக்கும் அவள் 'வாலு'. ரத்தப் புற்றுநோய். போய்ச் சேர்ந்து சில மாதம் ஆகியிருந்தது.

வைத்தியம் நடந்த காலம் முழுக்க ஓர் உதவி அமைப்புதான் அவர்களைத் தாங்கியது. பொய் சொல்லக் கூடாது... ஆஸ்பத்திரிப் பக்கத்திலேயே அவர்கள் விடுதியில் அறை, வேளாவேளைக்குச் சாப்பாடு, மருந்து ஏற்றும் நாளில் வேன். அக்காவின் புருஷன் 'வேலை இருக்கு' என்று பாதியில் கழன்றுகொண்டபோது, இரவெல்லாம் கூட உட்கார்ந்திருந்தது அந்த விடுதிப் பொறுப்பாளர் அம்மாதான்.

ஒருநாள் போட்டோ எடுக்க ஒருவர் வந்தார். வாலு மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு 'ஈ' என்று பல்லைக் காட்டினாள்.

"சிரிக்காதம்மா. நீ சிரிச்சா யாரு காசு குடுப்பா?"

சரியென்று உதட்டை இறுக்கிக்கொண்டாள். அந்த முகம்தான் கம்பத்தின் மேல்.

அக்கா வேலைக்குப் போகும் பஸ் தினமும் அதற்கு அடியில்தான் போகும். கண்ணை மூடிக்கொள்வாள். மூடினாலும் தெரியுதுடா என்பாள். அதை எடுத்துவிடச் சொல்லி அக்காவும் தம்பியும் அமைப்பில் போய்க் கேட்டார்கள். பொறுப்பாளர் அம்மா அழுதேவிட்டார்.

"என்னம்மா பண்றது... இந்தப் படத்தப் பாத்துதான் நெறைய பேர் குடுக்கறாங்க. இன்னும் எத்தன பசங்க இருக்கு. கொஞ்சம் பெரிய மனசு பண்ணுங்க."

அக்கா எழுந்து வந்துவிட்டாள். அந்த அம்மா சொன்னதில் தப்பும் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

அந்த ஜன்னலைச் சாத்துங்கள், சொல்கிறேன்.

மேலே போய், முகத்தைச் சுற்றி அறுக்கக் கத்தியை வைத்தான். பொட்டுக் காற்று இல்லை. ஆனாலும் பேனர் உப்பியது... அடங்கியது. மறுபடி உப்பியது. ஸ்பிரிட் வாடை குப்பென்று அடித்தது. கூடவே வாய்ப்புண்ணுக்குத் தடவும் மருந்தின் இனிப்பு வாடை. அந்த வாடையோடு மாதக்கணக்கில் குடித்தனம் நடத்தியவன் அவன், தப்பாகச் சொல்ல மாட்டான். அறுப்பதை நிறுத்தவில்லை.

முகம் மட்டுமே ஒரு கட்டில் அகலம். சுருட்டி பைக்கின் பின்சீட்டில் நிமிர்த்திக் கட்டினான். பாதி வழியில் அது முதுகில் சாய்ந்தது. சரிந்தது இல்லை... சாய்ந்தது. தூங்கிப்போன பிள்ளை சாய்வது போல, முழு எடையோடு. பிடரிக்குப் பின்னால் கிடுகிடுவென்று பல் அடித்துக்கொள்ளும் சத்தம்.

"மாமா... குளுருது."

வண்டியை ஓரம் கட்டினான். திரும்பவில்லை. திரும்பாமலே சட்டையைக் கழற்றிப் பின்னால் போர்த்திவிட்டான்.

வீட்டில் அக்கா விழித்திருந்தாள். வாங்கிக் கட்டிலில் விரித்தாள். அவன் ஹாலில் விழுந்தவன், அடித்துப் போட்டதுபோல் தூங்கிவிட்டான்.

காலையில் துணி பிழியும் சத்தம். எட்டிப் பார்த்தான். அக்கா பேனரின் நெற்றியில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ராத்திரி பூரா கொதிக்குதுடா. எறங்கவே மாட்டேங்குது."

பாவம், புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தான். "எந்திரிக்கா, போதும்" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தான். துணியை எடுத்து எறியப் போனான். அப்போதுதான் போட்ட துணி... காய்ந்து மொரமொரவென்று இருந்தது. மெல்லப் புறங்கையை அந்த நெற்றியில் வைத்தான்.

வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

பக்கெட்டை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனான்.

இது நடந்து இரண்டு வருடம் இருக்கும். கம்பத்தில் வேறொரு பிள்ளை ஏறிவிட்டது. நண்பன் போன வாரம்தான் அந்த வீட்டுக்குப் போய்வந்தான்... அக்காவும் தம்பியும் இன்னும் ஒரே நேரத்தில் தூங்குவதில்லையாம்.