மாமாவும் நானும் ஆடிய ஆட்டம்

வரவேற்பறையில் கணினி இரையும் சத்தம் எனக்குப் பிடிக்காது. வேறு எதற்கும் நான் முகம் சுளிப்பவன் இல்லை, ஐயா.

மொசூலில் கோடை வந்தால் வீட்டில் அந்த ஒரு அறையில்தான் ஏ.சி. ஓடும். டிவி, சோபா, தேநீர், விருந்தாளி எல்லாம் அங்கேதான். அதனால் நடையிலிருந்த அலமாரிக்குள் ஒரு சர்வரை வைத்தேன். இணைய நிறுவனத்தில் என் வேலையே அதுதான். வீட்டுக் கேமரா, கல்யாணப் படங்கள், சுவர் பிளக்குகளை போனிலிருந்தே போட்டு அணைப்பது எல்லாம் அந்தப் பெட்டியின் பொறுப்பு. விளையாடுவதற்கென்று அதற்குள்ளேயே இன்னொரு கணினியை உருவாக்கினேன். விர்ச்சுவல் மெஷின் என்போம். தொட்டுப் பார்க்க அப்படி ஒன்று கிடையாது. ஆனால் சுவரைத் துளைத்துக் கொண்டுவந்த கேபிள் வழியாக டிவியில் அசல் கணினிபோலவே ஓடும். அதை நினைத்த இடத்தில் நிறுத்தி வைக்கலாம். பந்து காற்றில் இருக்கும்போது நிறுத்தினால், மறுநாள் அதே பந்து அதே உயரத்திலிருந்து இறங்கும். நடுவே நேரம் போனதே அதற்குத் தெரியாது.

பிறகு மாமா வந்தார். என் மனைவி சுஹாவின் அப்பா, ஹாஸிம். வட்டாரக் கால்பந்துப் போட்டிகளில் நடுவராக இருந்தவர். நுரையீரல் கெட்டு, கரண்டில் ஓடும் ஆக்சிஜன் கருவி இல்லாமல் இருக்க முடியாத நிலைக்கு வந்துவிட்டார். குளிர்ந்த அறை வேண்டுமென்று கட்டிலை வரவேற்பறையில் போட்டோம். நான் ஒரு வார்த்தை மறுக்கவில்லை, சுஹாவையே கேளுங்கள். அந்தக் கருவி ஓயாமல் இரைந்தது. அதையும் பொறுத்துக்கொண்டேன்.

அவருக்குப் பொழுது போகட்டும் என்று டிவியில் கால்பந்து ஆடச் சொல்லிக்கொடுத்தவனும் நான்தான். சீக்கிரமே என்னைத் தோற்கடிக்கத் தொடங்கினார். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அவருக்கு வாய் சும்மா இருக்காது.

"என்ன மாப்ளே, உன் கோல்கீப்பர் தொழப் போயிட்டானா?" என்பார். பக்கத்து வீட்டு யாஸீன் வந்திருந்தால் இன்னும் சத்தமாக, "சுஹா, உன் புருஷனுக்கு ஒரு டீ குடும்மா. வலைக்குள்ள போன பந்தப் பொறுக்கிப் பொறுக்கியே களைச்சுட்டான்."

சுஹா சிரிப்பாள். நானும் சிரிப்பேன்.

முதல் தடவை நிஜமாகவே கரண்ட் போனது. தெருவுக்கே காசுக்குக் கரண்ட் கொடுக்கும் ஜெனரேட்டர்காரன் அன்று தாமதித்துவிட்டான். சர்வரும் டிவியும் பேட்டரியில் ஓடின. மாமாவின் கருவியையும் சேர்த்தால் பேட்டரி தாங்காது என்று முன்பே கணக்குப் போட்டிருந்தேன். அவர் உதடு நீலம் பாய்ந்தது. வாய் திறந்திருந்தது, சொல் வரவில்லை. அடுக்களையில் வைத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டரை உருட்டிவந்து குழாயை மாட்டினேன்.

"அல்லா உன்னை நல்லா வைக்கட்டும், மகனே. நீ இல்லேன்னா நான் போயிருப்பேன்" என்றார். அதுவரை என்னை மகனே என்று கூப்பிட்டதில்லை. சுஹா என் தோளில் சாய்ந்து அழுதாள். அடுத்த சில நாட்கள் வீடு எவ்வளவு இதமாக இருந்தது தெரியுமா? பயந்துபோன மனிதர் எத்தனை அன்பாகப் பேசுகிறார்! நான் அதைக் கவனித்தேன், அவ்வளவுதான்.

பிறகு பழைய வாய் திரும்பிவிட்டது.

கருவி மாட்டியிருந்த பிளக்கும் சர்வருக்குக் கட்டுப்பட்டதுதான். சோபாவில் உட்கார்ந்தபடி போனில் ஒரு தொடுதல். கருவி நிற்கும், அபாய மணி அடிக்கும், கரண்ட் போச்சு என்று நான் எழுந்து ஓடுவேன், சிலிண்டரை மாட்டுவேன். ஒருமுறைகூடத் தாமதித்ததில்லை. சுஹா பள்ளிக்கூடத்துக்குப் பாடம் எடுக்கப் போயிருக்கும் பகல்களில் மட்டும்தான் செய்தேன். அவள் ஏன் வீணாகப் பயப்பட வேண்டும்?

ஒருநாள் கருவி நின்றபோது ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. கவனிக்காமல் விட்டது என் தவறு. மாமா ஏ.சி.யைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த போனைப் பார்த்தார்.

அதற்கப்புறம் கேலி இல்லை. "டீ குடிச்சீங்களா மாப்ளே? பசிக்குதா?" என்று மரியாதையாகப் பேசினார். என் செருப்புச் சத்தம் கேட்டால் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வார். ஆட்டத்தில் தோற்க ஆரம்பித்தார். ஆளில்லாத கோலுக்கு வெளியே பந்தை அடித்துவிட்டு, "நீங்க நல்லா ஆடறீங்க" என்பார்.

ஒரு காலை சுஹாவிடம் சொன்னார்: "நான் உன் தம்பி வீட்டுக்குப் போயிடறேம்மா."

"ஏம்ப்பா? அவனுக்கு உங்களைப் பாத்துக்கத் தெரியுமா? உங்க மாப்ள நஷ்வான் மாதிரி யாருப்பா பாத்துப்பாங்க?"

மாமா என்னைப் பார்த்தார். "ஆமாம்மா. நல்லாத்தான் பாத்துக்கறார்."

எனக்கு அது வலித்தது. இவ்வளவு செய்த பிறகும் போகிறேன் என்கிறார். அன்று சுஹா கிளம்பியதும் ஆட்டத்தைப் போட்டேன். வழக்கம்போல விட்டுக்கொடுத்தார். "ஒழுங்கா ஆடுங்க மாமா" என்றேன். மறுபடியும் வெளியே அடித்தார். ஒரு நடுவர் இப்படிச் செய்யலாமா? போனைத் தொட்டேன். மணி அடித்தது.

"ஒரு கோல் போடுங்க. உடனே ஆன் பண்றேன்" என்றேன்.

"நீங்களே ஜெயிச்சுக்குங்க, மகனே. சுஹாகிட்ட நான் ஒண்ணும் சொல்லலை. சொல்லவும் மாட்டேன். மெஷினப் போடுங்க."

"என்கிட்ட பேசாதீங்க. ஆடுங்க."

திரையில் அவருடைய ஆட்டக்காரன் பந்தோடு கோலுக்கு நேரே நின்றிருந்தான். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். ஆட்டத்தின் கன்ட்ரோலர் அவர் மடியிலிருந்து நழுவியது. அவர் இளைப்பாறட்டும் என்று விர்ச்சுவல் மெஷினை அந்த இடத்திலேயே நிறுத்தி வைத்தேன். எவ்வளவு நேரமானாலும் அங்கிருந்தே தொடரலாமே.

சிலிண்டர் காலி. நிரப்பி வரச் சொல்லி சுஹா நினைவுபடுத்தியிருந்தாள். நான் நிரப்பவில்லை என்பது எனக்குத் தெரியும். பிளக்கைத் திரும்பப் போட்டிருக்கலாம், போன் என் கையில்தான் இருந்தது. போடவில்லை. எழுதிக்கொள்ளுங்கள்: போடவில்லை.

கேமராப் பதிவை நான் அழித்திருக்கலாம். அழிக்கும்படி அதில் எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அடக்கம் முடிந்த பிறகு, அப்பா முகத்தை இன்னொரு தடவை பார்க்கலாம் என்று சுஹாதான் அதைத் திறந்திருக்கிறாள். அதிலிருந்து என்னோடு அவள் பேசவில்லை. நான் அறைக்குள் நுழைந்தால் சுவரோரம் போய் நின்றுகொண்டாள். நீங்கள் வந்து என்னைக் கூட்டிப்போகும்வரை அப்படியே நின்றாள்.

அவளிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். அவள் பதற்றத்தில் சரியாகப் பார்த்திருக்க மாட்டாள். கடைசிவரை மாமாவின் கை என் மணிக்கட்டை விடவேயில்லை. பிடிக்காத ஒருவனை யாராவது அத்தனை இறுக்கமாகப் பிடித்துக்கொள்வார்களா, ஐயா?