பாட்டு முடியட்டும், எறங்குறேன்

…இல்ல சார், நீங்களே ஞாயத்த சொல்லுங்க. ஸ்டாப்பிங் வந்துச்சின்னா எறங்கணுமா வேணாமா? இந்த விழுப்புரம் திண்டிவனம் ரூட்டுல எவன் சார் எறங்குறான்? "பாட்டு முடியட்டும் கண்டக்டரு, எறங்குறேன்"ன்றான். வண்டி நிக்கிது, அவன் ஒக்காந்துக்கினு இருக்கான். பஸ்ஸா சார் இது, கச்சேரி மண்டபமா?

எல்லாம் இந்த இனியவன் கலைப்பிரியா ஜோடி பண்ற வேல. நீங்க வெளியூரா? அதான். காதல் பாட்டத் தவிர வேற ஒரு எழவும் பாட மாட்டாங்க ரெண்டு பேரும். அவன் மொதல்ல காதுல ரகசியம் சொல்றாப்ல ஆரம்பிப்பான். அவ பதில் சொல்லுவா. அப்பால ட்ரம்ஸு வுழும் பாருங்க… ரெண்டு பேரும் அடிவயித்துலேருந்து கத்துவாங்க. ஆசையில கத்துறாங்களா, கடவாப்பல்லு வலியில கத்துறாங்களான்னு இன்னிக்கி வரைக்கும் எனக்குப் புரில. முடிஞ்சிடுச்சின்னு நெனப்பீங்க. முடியாது. மறுபடியும் மேல ஏறும். நான் பள்ளிக்கூடம் போறப்ப வந்த பாட்டு சார். இப்ப எம் பொண்ணு போறா, அவளும் இதயேதான் முணுமுணுத்துக்கினு போறா.

போன வாரம் ஒரு குடும்பம், மயிலத்துல பொண்ணு பாக்கறதுக்கு, பூவு பழத் தட்டோட. எறங்க வேண்டிய எடத்துல வண்டி நிக்கிது. மாப்பள எறங்கல, மாப்பள எறங்காம மத்தவங்க எப்டி எறங்குவாங்க? பாட்டு முடிஞ்சி போறதுக்குள்ள ராவுகாலம் பொறந்துடுச்சி. பொண்ணு வூட்டுல கதவ சாத்திட்டாங்களாம். என்னத் திட்டுவான்னு பாத்தா, மறுநா அதே பஸ்ல ஏறி, அந்தப் பாட்ட இன்னொரு தபா போடுன்றான் சார்.

ஒருநா பேஜாரா போயி பென் டிரைவ உருவி பாக்கெட்ல போட்டுக்கினேன். இன்னா ஆச்சி? பஸ்ஸே பாட ஆரம்பிச்சிடுச்சி. ஆம்பள சைடு இனியவனாம், பொம்பள சைடு கலைப்பிரியாவாம். மிஷினுன்னா ஒரு எடத்துல நிக்கும். இவங்களுக்கு எங்க நிறுத்தறதுன்னே தெரில. ஜல்தியா திரும்ப சொருவிட்டேன்.

விக்கிரவாண்டில தையல்நாயகின்னு ஒரு அக்கா ஏறும், வூட்டுக்காரரோட. மல்லாட்டைக்குத் தண்ணி பாச்சுற சண்டைய பஸ்ஸுல ஏறியும் வுடாது. அது முன்னாடி சீட்டு, அவரு கடைசி சீட்டு. ட்ரம்ஸு வுழுந்ததும் அந்தக்கா திரும்பி ஒரு பார்வ பாக்கும். அவரு ஜன்னல் பக்கம் மூஞ்சத் திருப்பிக்கினு சிரிப்பாரு. அவ்ளோதான், சண்ட தீந்துச்சி. நம்ம பக்கம் எவன் சார் பொண்டாட்டிகிட்ட ஆசையா ஒரு வார்த்த சொல்லிருக்கான்? நானே சொன்னதில்ல. பாடுற அவங்க ரெண்டு பேரும் நமக்கும் சேத்து கத்துறாங்க. அதான் அந்தப் பாட்டு சாவ மாட்டேங்குது.

அதுக்காக எம் பொழப்பு சாவணுமா? ஓனர் முத்துசாமி நேத்தே சொல்ட்டாரு. "சீனுவாசா, நாளைக்கும் லேட்டுன்னா பைய கழட்டிக் குடுத்துட்டு போய்க்கினே இரு"ன்னாரு. திண்டிவனம் ஸ்டாண்டுலயே நிக்கிறாரு மனுசன். இந்தப் பை போச்சின்னா வானூரு பக்கம் கட்டட வேலைக்கிதான் போவணும். செங்கல்லு தூக்குற ஒடம்பா சார் இது? ராத்திரி பூரா தூங்கல நான்.

இன்னா சார்? வண்டி ஏன் நிக்கிதா? கூட்டேரிப்பட்டு. எறங்குறவங்களா… எறங்கிட்டாங்களே, அப்பவே எறங்கிட்டாங்க. இன்னிக்கி நல்ல ஜனம். டிரைவரா? பிரான்சிஸு ரெடியாதான் இருக்கான், பாவம். நான் விசில் ஊதுனாதான் அவன் எடுக்கணும்.

எப்டி சார் ஊதுறது? கலைப்பிரியா மூச்சப் புடிச்சிக்கினு மேல ஏறிக்கினு இருக்கா. நடுவுல விசில ஊதுனா அந்தப் பாவம் நம்மள சும்மா வுடுமா? கண்டக்டரு வேலைக்கி வந்ததுலேருந்து இந்த எடத்துல மட்டும் நான் ஊதுனதே கெடையாது.

பின்னாடி வண்டிக்காரன் ஆரன் அடிக்கிறானா? அடிக்கட்டும். ஓனரு கேட்டா ஜனம் எறங்க மாட்டேன்னிடுச்சின்னு நீங்கதான் ஒரு வார்த்த சொல்லணும்.

அட, இருங்க சார், நீங்க பாட்டுக்கு பேசிக்கினே இருந்தா நான் எப்டி பாட்டு கேக்குறது?