தண்ணீர் கொடுத்தவன்

தச்சு வேலை செய்கிறவனுக்குக் கோபம் ஆகாது. கோபத்தோடு உளியைப் பிடித்தால் மரம் பிளந்துவிடும். இருபத்தாறு வருடத்தில் பட்டறையில் யாரையும் நான் வாடா போடா என்று பேசியதில்லை. விசாரித்துப் பாருங்கள்.

இறந்தவர் என் தங்கையின் கணவர். எங்கள் பட்டறையிலேயே பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். சிரித்த முகம். போன மாதம் ஒரு பீரோவின் கதவை நான் இரண்டு விரற்கடை குறைத்து அறுத்துவிட்டேன். வாங்க வந்தவர்கள் முன்னால், "மச்சான் அளந்தா பீரோ கதவு ஜன்னலுக்குத்தான் ஆகும்" என்றார். அன்றிலிருந்து பட்டறையில் எனக்கு 'ஜன்னல்' என்றே பெயர். வீட்டில் என் தங்கையும் அப்படிக் கூப்பிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இன்று காலை ஸ்டேஷனின் இந்த அறையில் என்னையும் இழைப்பு மெஷின்காரனையும் எதிரெதிரே உட்கார வைத்தீர்கள். இருவருக்கும் ஒரே கேள்வி. ஒருவரோடு ஒருவர் பேசக்கூடாது. இரண்டு பேரில் ஒருவன்தான் கொலைகாரன் என்றீர்கள். உடலைத் தூக்கியதால் அவன் சட்டையெல்லாம் ரத்தம். என் உள்ளங்கையில் ஆறு தையல். தடுக்கப்போன என்னை அவன் உளியால் கீறினான் என்று சொல்லியிருந்தேன்.

"மெஷினை நிறுத்திட்டுத் திரும்புனேங்க. அண்ணன் அவருக்குத் தண்ணி குடுத்துட்டிருந்தாரு. நான் ஓடி வர்றதுக்குள்ள சுத்தியால அடிச்சிட்டாருங்க" என்றான் அவன்.

என்னைக் கேட்டீர்கள். தண்ணீர் கொடுத்தேன் என்றேன். அது உண்மைதானே.

"கொல்றவன் எதுக்குய்யா தண்ணி குடுப்பான்? பொய்யையாவது ஒழுங்கா சொல்லு" என்று அவனை அதட்டினீர்கள். அவன் மனைவிக்கு இது எட்டாம் மாதம்.

அப்போது டீ வந்தது. கட்டுப் போட்ட கையால் டம்ளரை எடுக்கப் போனேன். அவன் உங்கள் விதியை மறந்துவிட்டு, "அண்ணே, இருங்க, சூடு. தையல் பிரிஞ்சிடப் போகுது" என்றான். தன் கைக்குட்டையை டம்ளரில் சுற்றி என் மறு கையில் வைத்தான். தன்னைத் தூக்குக்கு அனுப்பப் பார்க்கிறவன் கையில்.

அந்த டீ எனக்கு உள்ளே இறங்கவில்லை. அதனால்தான் எழுதிக்கொள்ளுங்கள் என்கிறேன். அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

மாப்பிள்ளை குனிந்து பலகையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சுத்தியலால் முதல் அடி பின்மண்டையில். திரும்பி என்னைப் பிடித்தார். என் இடது கையிலிருந்த உளி நழுவி அந்த உள்ளங்கையையே கிழித்தது. இரண்டாவது அடியில் தாடை விலகியது. விழுந்த பிறகும் அந்த வாய் சிரிப்பது போலவே இருந்தது. மூன்றாவது அடி அதற்காக. பற்கள் மரத்தூளில் சிதறின.

தண்ணீர் என்று கேட்டார். வார்த்தை வரவில்லை, ஆனாலும் எனக்குப் புரிந்தது. மொண்டு வந்து, தலையை மடியில் வைத்து, புரை ஏறாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினேன். வாயைத் துடைத்துவிட்டேன். பிறகு தலையைப் பதமாகத் தரையில் வைத்து, நெற்றியில் ஓங்கி அடித்தேன்.

என் தங்கையிடம் இதை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள்: அவள் புருஷனை நான் தாகத்தோடு அனுப்பவில்லை.