கவுனின் கடைசித் துண்டு

— ஆறிப் போச்சு. கொட்டிட்டு வேற டீ எடுத்துட்டு வா.

— இப்பத்தானம்மா பெட்டியிலருந்து எடுத்தேன். ஆவி பறக்குது பாருங்க.

— ஆறிப் போச்சுன்னு நான் சொன்னா ஆறிப் போச்சு, தெரியுதா?

— சரிங்கம்மா... இந்தாங்க.

— ம். இது நல்லா இருக்கு.

— அதே டீதாம்மா. ஒரு தடவை அச்சு எடுத்துட்டா ஆயிரம் தடவை எடுத்தாலும் ஒரு சொட்டு மாறாது.

— அதனாலதாண்டி ஒண்ணும் வாய்க்கு விளங்கல. வீட்டுக்கு வீடு பெட்டி, எதைப் போட்டாலும் அச்சு எடுத்து அதே மாதிரி எத்தனை வேணும்னாலும் குடுக்குது. கரண்டும் இனாம்னு மீட்டரைக்கூடப் பிடுங்கிட்டுப் போயிட்டான். என் வைர மோதிரம் எதிர்வீட்டு டிரைவர் பொண்டாட்டிக்குப் பத்து விரல்லயும் கிடக்குது. பணத்தைக் காட்டினா நாய்கூட வாலாட்ட மாட்டேங்குது. ஒருத்தி பக்கத்துல நின்னு, திட்டு வாங்கிட்டு ஊத்தினாத்தான் எனக்கு டீ தொண்டையில இறங்குது, தெரியுதா?

— அதான் வரேனேம்மா.

— சும்மாவா வர்றே? செத்துப்போன மக கவுனுக்காக வர்றே.

— ஆமாம்மா. ஒவ்வொரு துண்டாத் தந்தீங்க. பட்டன், காலர், இடுப்புப் பட்டி, வலது கை. இன்னைக்கு இடது கையைத் தந்துட்டா முடிஞ்சிடும். உங்க விரல் பட்டாத்தான் அந்த அச்சு திறக்கும், பெட்டியில கட்டை விரலை மட்டும் வைங்க.

— என்ன அவசரம்? மாடிப்படி துடைச்சியா?

— துடைச்சாச்சு.

— கேட்டு?

— பூட்டியாச்சு. சாவி என் இடுப்புல இருக்கு.

— யாராவது வந்தாங்களா?

— யாரும்மா வரப் போறாங்க.

— என் பையன் வருவான். ஏதோ தூரத்துக் கிரகத்துக்குப் போற கப்பலுக்குப் பேர் குடுத்திருக்கான். போனாத் திரும்பி வர வழியில்லையாம், பேச்சும் எட்டாதாம். நாலு மாசத்துக்கு முன்னாடி போன் பண்ணான். போன்ல பேசாதே, நேர்ல வந்து என் முன்னாடி நில்லுன்னு வச்சிட்டேன்.

— நேர்லதான் வரணும்னு சொல்லிட்டீங்களா.

— பின்னே? ரோஷக்காரன்தான், ஆனா என் முகத்தைப் பார்க்காம ஏற மாட்டான். இந்த மூக்குக் கண்ணாடி அவன் மொத சம்பளத்துல வாங்கினது. வீட்ல அச்சு எடுக்காத பொருள் இது ஒண்ணுதான். இதை மட்டும் பெட்டிகிட்ட அண்ட விடமாட்டேன்.

— தெரியும்மா. தூங்கறப்பத்தான் கழட்டுவீங்க.

— சரி, கேளு. கெஞ்சிக் கேளு. அன்னைக்கு மருந்து கேட்டியே, அது மாதிரி.

— அன்னைக்குத் தெருவிலேயே உங்க வீட்லதாம்மா பெட்டி இருந்துச்சு. பாப்பாவுக்குக் காய்ச்சல் கொதிச்சுது. விருந்துப் பாத்திரம் அத்தனையும் கழுவிட்டு வந்து கேளுன்னீங்க.

— கேட்ட உடனே குடுத்தா, மறுநாள் ஊரே என் வாசல்ல நிக்கும்டி.

— கழுவி முடிச்சேன். மருந்து குடுத்தீங்க. கொண்டு போறப்போ பாப்பா இல்ல. அடுத்த மாசம் எங்க வீட்டுக்கே பெட்டி வந்துடுச்சு.

— அதுக்கு நான் என்ன பண்ணுவேன்?

— அவ போட்டுக்கிட்டிருந்த ஒரே நல்ல கவுனும் உங்ககிட்டதான் போச்சு.

— மொதல்ல வந்த பெட்டி, இப்ப இருக்கிறது மாதிரி இல்லாம, போட்ட சாமானைத் தின்னுட்டுத்தானே அச்சு எடுத்துச்சு? சோதிச்சுப் பார்க்க என் துணியையா போட முடியும்? நீ இங்கே துவைச்சுப் போட்டது கொடியில காஞ்சுது, எடுத்துப் போட்டேன். கால்ல விழு, கையைத் தரேன்.

— வேண்டாம்மா.

— என்னடி வேண்டாம்?

— அது பாப்பா கவுன் இல்ல.

— உளறாதே.

— மொத நாள் பட்டனைத் தந்தீங்களே, அப்பவே தெரியும். பாப்பா கவுன்ல பட்டனே கிடையாது, ஊக்குதான். பட்டன் தைக்க உங்க வீட்டு வேலை எனக்கு நேரம் விட்டதில்லை.

— ...சரிடி. அந்த அச்சு எப்பவோ அழிஞ்சு போச்சு. என் தங்கச்சி பேத்தி கவுனைத்தான் வெட்டி வெட்டித் தந்தேன். தெரிஞ்சுமா நூத்துப் பத்து நாள் வந்து பேச்சு வாங்கினே?

— வாங்கினேம்மா.

— ரோஷம் கெட்டவளே! சரி, அதை விடு. நாளைக்குக் கொஞ்சம் முன்னாடியே வா. பையன் வர்ற நேரம்.

— நாளையிலருந்து வரமாட்டேன்.

— அப்போ கேட்டை யார் திறப்பா? மாடியை விட்டு என்னால இறங்க முடியாது. அவன் வந்தா?

— வந்தாரும்மா, போன வாரம். நீங்க தூங்கிட்டிருந்தீங்க. அம்மா போய்ச் சேர்ந்து மூணு மாசம் ஆச்சுன்னு சொன்னேன்.

— ஏய்!

— கேட்டுக் கம்பியைப் பிடிச்சிக்கிட்டு அழுதாரு. ஞாபகத்துக்கு எதாவது குடுங்கன்னாரு. நேத்து கப்பல் ஏறிட்டாரு.

— பொய்! பொய் சொல்றே! என் கண்ணாடி இதோ இருக்கு, ஞாபகத்துக்கு வேற என்னத்தைக் குடுத்தே?

— அசலை அவர்கிட்டக் குடுத்துட்டேம்மா. நீங்க போட்டிருக்கிறது பெட்டியில எடுத்தது.