செட்டைப் பெட்டியில் விழுந்த விரிசல்

பெயர்: வீரய்யா மதுரன். வயது: 34. தொழில்: கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் வெல்டிங். முகவரி: 6ஆம் இலக்க லயம், குருவிமலைத் தோட்டம், பொகவந்தலாவை.

ரஞ்சித் என்பவரைத் தாக்கியதாக வந்த முறைப்பாட்டுக்காக அழைக்கப்பட்ட மேற்படி மதுரனாகிய நான் தமிழில் சொல்வதாவது: கப்பல் கதை எதற்கு, அடித்த கதையைச் சொல் என்று சார்ஜன்ட் ஐயா கேட்டார். கப்பல் இல்லாமல் இந்த அடி இல்லை. ஆகவே கப்பலை முதலில் சொல்கிறேன்.

நான் ஒன்பது வருடமாகக் கொழும்பில் ஒரு தனியார் கம்பெனியில் வேலை செய்கிறேன். இந்த வருடம் தை மாதம் வெளிநாட்டுக் கடற்படை ஒன்றின் ஃப்ரிகேட் வகைப் போர்க்கப்பல் பழுதுபார்க்க வந்தது. நூற்றுப் பதினெட்டு மீட்டர் நீளம். விலாவில் 61 என்று எழுதியிருந்ததால் அறுபத்தொன்று என்றே சொல்லுவோம். நீர்மூழ்கிகளைத் தேடக் கட்டியது, பின்னால் ஹெலிகொப்டர் இறங்கும் தளமும் உண்டு. கட்டி இருபத்தாறு வருடம். ஓடத் தொடங்கிய நான்காம் வருடமே பெரும் புயலில் அடிபட்டதாம். வேகத்துக்காக ஒடுக்கமாகக் கட்டியதால் அலையில் உருளும். உருளாமல் பிடிக்க, நீர்மட்டத்துக்குக் கீழே இரு பக்கமும் மீன் செட்டை போல ஒரு தகடு நீட்டிக்கொண்டிருக்கும். அதன் தண்டு கப்பலுக்குள் வரும் இடத்தைச் செட்டைப் பெட்டி என்போம்.

இடது பக்கப் பெட்டியின் மூலையில் பெயின்ட் சுரண்டியபோது ஒரு சாண் விரிசலைக் கண்டேன். அதன் அடியில் பழைய வெல்டிங், அதற்கும் அடியில் அதைவிடப் பழையது. பெட்டியின் அந்தத் தகட்டையே வெட்டியெடுத்துப் புதிது வைக்க வேண்டும். கவ்வாத்து வெட்டும்போது உளுத்த கட்டையை விட்டுவைத்தால் தேயிலைச் செடி என்ன ஆகும் என்று எங்கள் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இதைச் சூப்பர்வைசர் ரஞ்சித்திடம் சொன்னேன். "வெள்ளிக்கிழமை கப்பல் போகணும். மேல வெல்டிங்ல ஒரு பூச்சுப் பூசி விடு" என்றார். "அது என்னால முடியாதுங்க சார்" என்றேன். அதன் பின்னர் என்னை மேல்தளத்துக்கு அனுப்பிவிட்டு வேறு ஆளை வைத்துப் பூசினான், நாசமாய்ப் போவான். இந்தச் சொல் வேண்டாம் என்று சார்ஜன்ட் ஐயா சொன்னார். நான்தான் எழுதச் சொன்னேன்.

மறுநாள் காலை எங்களை வரிசையில் நிறுத்தி, தாளைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டார்கள். நான் பதினெட்டு வயதில் தோட்டத்தில் வேலைக்குப் பெயர் பதிந்தவன். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயரைக் கூப்பிட்டால் "ஐயா" என்று முன்னே போய் நிற்க வேண்டும். எதற்கு என்று கேட்கிறவனுக்கு அன்றைக்கு வேலை கிடையாது. அந்தப் பழக்கத்தில் போய், விரல் காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தேன். வரவுத் தாள் என்றே நினைத்தேன். எல்லாம் இங்கிலீஷில் இருந்தது. வாசித்துக் காட்டச் சொல்லவில்லை. என் மடத்தனம்.

அதன் பின்னர் வெள்ளிக்கிழமை கப்பலைக் கடலில் ஓட்டிப் பார்த்தார்கள். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்த நல்லமுத்து அண்ணன் செட்டைப் பெட்டி இருக்கும் அறையில் எண்ணெய் துடைத்துக்கொண்டிருந்தார். அவரைக் கம்பெனியில் சேர்த்துவிட்டவன் நான். வேகத்தில் திருப்பியபோது மூலை பிளந்து தண்ணீர் அடித்தது. அந்தக் கப்பல் பதின்மூன்று அறைகளாகத் தடுக்கப்பட்டது. ஒன்றில் தண்ணீர் புகுந்தால் அதன் கதவை அடைத்து மற்றதைக் காப்பாற்றலாம். அடைத்தார்கள். உள்ளே ஆள் இருப்பது தெரியாதாம். கட்டினவன் சரியாகத்தான் கட்டியிருக்கிறான், கப்பல் சாயக்கூட இல்லை. அண்ணனைப் பின்னேரம் நான்கு மணிக்கு வெளியே எடுத்தார்கள். துடைக்கிற துணி கையிலேயே இருந்தது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை பிரேதம் லயத்துக்கு வந்தது. தப்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். ரஞ்சித் மலர்வளையத்தோடு வந்து, அண்ணனின் மனைவி பேச்சியம்மாவிடம் ஒரு தாளை நீட்டி, "ஒங்க மதுரன்தான் அந்த எடத்தப் பாத்து சரின்னு கையெழுத்து போட்டிருக்காரு, கம்பெனி மேல பிழை இல்ல" என்றார். நான் வரவுத் தாள் என்று நினைத்த அதே தாள். பேச்சியம்மா என்னைப் பார்த்து, "ஏன் மதுரா, தெரிஞ்சேவா அவர உள்ள விட்ட?" என்று கேட்டார். அதன் பின்னர் ரஞ்சித்தின் இடது கன்னத்தில் ஒரு அறை அடித்தேன். மலர்வளையத்தை லயத்து முன்னால் தண்ணீர் ஓடும் கானுக்குள் எறிந்தேன்.

அந்த விரிசல் தகட்டை வெட்டி உருக்க அனுப்புவதற்குள் பொலிஸ் கைப்பற்ற வேண்டும். அந்தப் பூச்சு என் கை வேலையா என்று எந்த வெல்டரும் பார்த்ததும் சொல்லுவான்.

எழுதி முடித்ததும் சார்ஜன்ட் ஐயா என் பெயரைக் கூப்பிட்டுப் பேனாவை நீட்டினார். நான் எழும்பவில்லை. "முழுசா வாசிச்சுக் காட்டுங்க ஐயா" என்றேன். வாசித்தார். அடித்த இடத்தில், எனக்கு உதவியாக நினைத்து, "தவறுதலாகக் கை பட்டது" என்று எழுதியிருந்தார். அதை வெட்டி "அடித்தேன்" என்று போடச் சொன்னேன். போட்டார். இதையும் கீழே சேர்த்து எழுதவைத்து, மறுபடியும் முதலிலிருந்து வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். இதில் இருப்பதெல்லாம் என் வாயிலிருந்து வந்ததே, உண்மையே என்று தெரிந்துகொண்டு கையெழுத்து வைக்கிறேன். இதைப் பேச்சியம்மாவுக்கும் ஒரு தடவை வாசித்துக் காட்ட வேண்டும்.

(ஒப்பம்) வீ. மதுரன்